கண்ணகி மலையும் அம்மானைப் பாட்டும்

கம்பத்துக்கு ரயில் கிடையாது. மதுரையிலிருந்து தேனிக்கு 2022-ஆம் வருஷம் முதல் அகலப் பாதையில் மறுபடி ரயில் ஓடுகிறது. அதில் தேனியில் வந்து இறங்கி, பஸ் ஏறி, சுமார் 40 கி.மீ. தெற்கும் மேற்குமாகப் போகவேண்டும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொண்டேயிருக்கும். போகப் போக இருபுறத்து மலைகளும் நெருங்கி வருகின்றன. வலப்புறம் ஏலக்காய் விளையும் மலை, இடப்புறம் மேகமலை. நடுவே நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். இத்தனை பசுமைக்கும் காரணம் மேற்கே கடலுக்குப் போய்க் கொண்டிருந்த பெரியாற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பியதுதான். அந்த அணை 1895-ல் திறக்கப்பட்டது.

நாம் இந்த வழியே புறப்பட்டது சித்திரா பௌர்ணமிக்கு. கம்பத்துக்கு அப்பால் கூடலூர். அதற்கும் அப்பால் மலைமேல் கண்ணகி கோட்டம். மங்கலதேவி கோவில் என்றும் அதைச் சொல்லுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அங்கே போகலாம். ஆனால் பக்தி ஒன்றே நம்மை இழுத்துக் கொண்டு போயிற்று என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நம் மனத்தில் ஒரு சில்லறைக் கேள்வியும் இருந்தது. நம் பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகள் சிலர் மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையைப் பழகத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு எந்தச் சங்கீதத்தைப் பக்கத்துணையாக வைப்பது என்பதில் ஆசிரியர் அறையில் பெரிய வாதம் மூண்டது. தேகப் பயிற்சி ஆசிரியர் பாண்டு வாத்தியம் வேண்டும் என்றார். கணக்கு ஆசிரியர், "ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாலே போதும்; சங்கீதம் எதற்கு?" என்றார். இளையவர் ஒருவர் கைப்பேசியைத் திறந்து அந்த வாரத்துச் சினிமாப் பாட்டை வைத்தே விட்டார். குழந்தைகள் அந்தப் பாட்டுக்கு நன்றாக ஆடினார்கள். பந்துகள் மட்டும் தரையில் கிடந்தன.

கம்பத்துக்கு இப்பால் ஒரு கிராமத்தில் பஸ் அரை மணி நேரம் நின்று விட்டது. தெருவை அடைத்துக் கொண்டு ஓர் அம்மன் திருவிழா. நையாண்டி மேளம் முழங்கியது. நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் ஒரே மூச்சாக ஒலிக்க, தலையில் கரகம் வைத்த பெண்மணி ஒருத்தி ஆடிக் கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்தவர்கள் டிரைவரை வைதுவிட்டு, பிறகு அவரோடு சேர்ந்து இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நாம் தவில்காரரைத்தான் பார்த்தோம். அவர் கண் ஆடுகிறவளின் காலை விட்டு அகலவேயில்லை. அவள் குனிந்து தரையில் கிடந்த ரூபாய் நோட்டை எடுக்க முயன்றபோது அவருடைய விரல்கள் நடையைத் தளர்த்தின. அவள் நிமிர்ந்ததும் அடி நாலு பங்காகப் பெருகியது. இங்கே மேளம் ஆட்டத்துக்கு வேலைக்காரன். ஆட்டக்காரி எவ்வளவு நேரம் எடுத்துக் கொண்டாலும் அது காத்திருக்கும்.

கரகம் தலையில் நிற்கிறது. ஆகையால் மேளம் காத்திருக்க முடிகிறது. அந்தரத்தில் போன பந்து யாருக்காகக் காத்திருக்கும்?

மறுநாள் விடியுமுன் கூடலூரிலிருந்து பளியன்குடிக்குப் போய்ச் சேர்ந்தோம். குமுளி போய் அங்கிருந்து ஜீப்பில் ஏறிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். பளியன்குடிப் பாதை நடப்பவர்களுக்கு உரியது, 6 கி.மீ.க்குச் சற்று அதிகம், செங்குத்து. கோவில் இருக்குமிடம் கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேல். இரண்டு ராஜ்யங்களின் எல்லை அங்கே ஓடுகிறபடியால் தமிழ்நாட்டுப் போலீஸாரும் கேரளத்துப் போலீஸாரும் வனத்துறையாரும் வழி நெடுக நிற்கிறார்கள். மாலைக்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். ஒரு தேவியைத் தரிசிக்க இத்தனை காவலா என்று சிலர் முணுமுணுத்தார்கள். காட்டு மிருகங்களுக்கும் ஒரு நியாயம் உண்டல்லவா என்று நாம் சமாதானம் செய்து கொண்டோம்.

பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். பக்கத்துப் பாறையில் ஒரு கிழவியும் அவளுடைய பேத்தியும். பத்து வயதிருக்கும் அந்தக் குழந்தைக்கு. நமக்கு இரைத்த இரைப்பில் கால் பங்குகூட அவளுக்கு இல்லை. வற்றிய ஓடையிலிருந்து உருண்டையான மூன்று கற்களைப் பொறுக்கி வந்து எறிந்து பிடிக்கத் தொடங்கினாள். வாய் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணியது. ஏழுக்கு மேல் ஒருதரமும் போகவில்லை.

கிழவி பார்த்தாள். "எண்ணாத தாயி. எண்ணுனா கல்லு விழுந்துரும். பாடிக்கிட்டே போடு" என்றாள்.

"என்ன பாட்டு அப்பத்தா?"

"அஞ்சாங்கல்லுக்குப் பாடுவியே, அதத்தான். வாய் பாட்டுல இருக்கணும். கை தன்னால வரும்."

குழந்தை பாடினாள். கற்கள் விழவில்லை என்று எழுத ஆசைதான், விழுந்தன. ஆனால் இருபதைத் தாண்டிய பிறகு விழுந்தன. நாம் கிழவியிடம், "அம்மா, பாடினால் ஏன் கை தவறுவதில்லை?" என்று கேட்டோம். அவள் நம் கண்ணாடியையும் தோள்பையையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "வாத்தியாரய்யா மாதிரி தெரியுது, நீங்கதான சொல்லணும்?" என்றாள். அதன்பின் கோவில் வரையில் நமக்குப் பேச்சில்லை.

மேலே இடிந்த கற்றளிகள். சுற்றிலும் புல். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. பூம்புகாரிலிருந்து கண்ணகி நடந்த வழியைத் தேடிக் கொண்டே வந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963-ல் இந்த இடத்தைக் கண்டு, இதுவே சேரன் செங்குட்டுவன் எடுப்பித்த பத்தினிக் கோட்டம் என்று கூறினார். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். வளையலும் மஞ்சள் கயிறும் பெற்றுக் கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கையில்தான் நம் கேள்விக்கு விடை நம் பையிலேயே, சிலப்பதிகாரப் புத்தகத்தில், இருப்பது நினைவுக்கு வந்தது.

வஞ்சிக் காண்டத்தில் வாழ்த்துக் காதை என்று ஒன்று உண்டு. காப்பியத்தின் முப்பது பகுதிகளில் அது இருபத்தொன்பதாவது. கோட்டம் கட்டியாயிற்று, கண்ணகி தெய்வ வடிவில் செங்குட்டுவனுக்குத் தோன்றியும் ஆயிற்று. அதற்குப் பிறகு இளங்கோவடிகள் என்ன செய்கிறார்? வேதியரை அழைத்து ஸ்தோத்திரம் பாடச் சொல்லவில்லை. வஞ்சி நகரத்துப் பெண்களை விளையாட விடுகிறார். அம்மானை ஆடுகிறார்கள், பந்து அடிக்கிறார்கள், ஊஞ்சல் ஆடுகிறார்கள், உலக்கை போட்டுக் குற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டு. அம்மானையில் சோழன் புகழ். கந்துக வரியில் பாண்டியன் புகழ். ஊசல் வரியில் சேரன் புகழ். மூன்று நாட்டையும் ஒரு தேவியின் முற்றத்தில் சேர்த்துவிட்ட அந்தச் சாமர்த்தியத்தைப் பண்டிதர்கள் நிறையப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் விளையாட்டுக்கு விளையாட்டு பாட்டின் நடை மாறுவதைச் சற்றே கவனிக்க வேண்டும். பந்தடிக்கும் பாட்டு நாலெட்டில் ஓடுகிறது. வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும். ஊசல் பாட்டு போய்ப் போய்த் திரும்புகிறது. அம்மானைப் பாட்டோ "யார்?" என்று கேட்டு நிறுத்தி, விடை சொல்லி, மறுபடி நிறுத்துகிறது.

இது வெறும் கவிச்சுவை அல்ல. பௌதிக சாஸ்திரமும் ஆகும். தரையில் அடிக்கும் பந்தை இன்னும் பலமாக அடித்து விரைவுபடுத்தலாம். அங்கே காலம் கைக்கு அடங்கியது. ஊஞ்சலின் காலம் கயிற்றுக்கு அடங்கியது: 4 மீட்டர் கயிற்றில் தொங்கும் ஊஞ்சல், குழந்தை உட்கார்ந்தாலும் பாட்டி உட்கார்ந்தாலும், ஒருதரம் போய்வர ஏறக்குறைய 4 விநாடி. அம்மானைக் காயின் காலமோ உயரத்துக்கு அடங்கியது. கையிலிருந்து 1 அடி உயரம் எறிந்த காய் திரும்பிக் கைக்கு வர அரை விநாடி. 1 விநாடி வேண்டுமானால் 2 அடி எறிந்தால் போதும் என்று நம் மாணவர்கள் சொல்லுவார்கள், போதாது. 4 அடி எறிய வேண்டும். காலம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் உயரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். விளம்ப காலத்துக் கீர்த்தனத்தைக் கொடுத்தால் குழந்தை உத்தரத்தை நோக்கி எறிய வேண்டியதுதான்! துரித காலப் பாட்டென்றால் காய் மோவாய்க்கு மேல் போக அவகாசமில்லை; கைகள் ஒன்றையொன்று இடித்துக் கொள்ளும். அமெரிக்கக் கணித நிபுணர் கிளாட் ஷானன், செய்தித் தொடர்பின் கணிதத்தை 1948-ல் வகுத்துப் புகழ்பெற்றவர், இந்த வித்தையில் ஆசைகொண்டு, பந்து அந்தரத்தில் இருக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை வெறுமையாய் இருக்கும் நேரம் இவற்றைப் பந்துகளின் எண்ணிக்கையோடும் கைகளின் எண்ணிக்கையோடும் பிணைத்து ஒரு சமன்பாடே எழுதி வைத்தார். கிழவிக்கு அது தேவைப்படவில்லை.

எண்ணினால் ஏன் விழுகிறது, பாடினால் ஏன் நிற்கிறது என்பதற்கு நமக்குத் தோன்றும் காரணம் இது. எண்ணுகிறவன் ஒவ்வொரு காயையும் தனித்தனியே பார்க்கிறான். பத்து வந்தால் பதினொன்று வருமா என்ற பயமும் வருகிறது. பாடுகிறவன் அடி முடிகிற இடத்தை எதிர்பார்க்கிறான். அந்த எதிர்பார்ப்பு கைக்கு முன்னதாகவே சொல்லி அனுப்பிவிடுகிறது. அன்றியும், அம்மானைப் பாட்டில் ஒவ்வொரு பகுதியும் "அம்மானை" என்ற சொல்லில் போய் முடிகிறதல்லவா? நீண்ட உயிரும் மெல்லின ஒலிகளும் கூடிய சொல் அது. எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். காய்கள் தாறுமாறாகப் போனாலும் அந்த இழுப்பில் சேர்த்துக் கொண்டு மறுபடி தொடங்கலாம். விளையாட்டின் பெயரே பாட்டின் இளைப்பாறும் திண்ணையாகவும் அமைந்திருப்பது தற்செயல் என்று நம்ப நமக்கு இஷ்டமில்லை.

பிற்காலத்தில் இது மூவர் ஆடும் பாட்டாக வளர்ந்தது. ஒருத்தி ஒரு செய்தி சொல்லுவாள். மற்றொருத்தி அதை மடக்கிக் கேட்பாள். மூன்றாமவள் சிலேடையாக விடை சொல்லுவாள். கலம்பக நூல்களில் அம்மானை ஓர் உறுப்பு. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் இருபது பாட்டாக அம்மானை பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே அம்மானை ஆட அழைத்தார். பிறகு காயைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக் கொண்டோம். திருமலை நாயக்கரின் சேனைத் தலைவன் படையெடுத்த கதை "இராமப்பய்யன் அம்மானை" ஆயிற்று. தென்கோடியில் 1841-ல் "அகிலத்திரட்டு அம்மானை" எழுந்தது. இவற்றில் அம்மானை உண்டு, எறிகிறவள் இல்லை. கை மறந்துபோன வித்தையை வாய் மட்டும் இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறது.

கை மறவாத தேசமும் உண்டு. பசிபிக் மகாசமுத்திரத்தில் டோங்கா என்று ஒரு தீவுக் கூட்டம். 1773-ல் கேப்டன் குக்கின் கப்பலில் அங்கே போன ஜார்ஜ் பார்ஸ்டர், சின்னஞ்சிறு பெண் ஒருத்தி ஐந்து உருண்டைக் காய்களை இடைவிடாமல் எறிந்து பிடித்ததைக் கண்டு அதிசயித்து எழுதி வைத்தார். அந்த ஆட்டமும் பெண்களுடையதே. அதற்கும் பாட்டு உண்டு.

நம்மவர் கதையோ வேறு விதம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமோ சாமி என்ற இந்திய வித்தைக்காரர் லண்டன் நகரில் பித்தளைப் பந்துகளை எறிந்து காட்டிப் பெரும் பேர் வாங்கினார். ராமசாமி என்ற பெயரைத்தான் ஆங்கிலேயர் நாக்கு அப்படிச் சிதைத்திருக்க வேண்டும். 1821-ல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் ஹாஸ்லிட் என்னும் ஆங்கில எழுத்தாளர் இந்திய வித்தைக்காரன் ஒருவன் நான்கு பித்தளைப் பந்துகளை எறிவதை வர்ணித்து, தம் எழுத்தெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம் என்று மனம் நொந்து கொள்ளுகிறார். மேடை வாத்தியத்துக்குப் பந்துகள் தாளம் தவறாமல் நடக்கின்றனவா என்று மேற்பார்வை செய்வதொன்றே தன் வேலை என்பதுபோல அவன் நின்றான் என்னும் பொருள்படவும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அங்கேயும் பந்து சங்கீதத்துக்குக் கட்டுப்பட்டது என்பதைக் கவனிக்க. ராமோ சாமி 1850-ல் லண்டனிலேயே காலமானார். அடக்கம் செய்யவும் பணமில்லாமல் அவருடைய மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்கும்படி நேர்ந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது நம் யோசனை எல்லாம் தாளத்தில் இருந்தது. மூன்று காய், இரண்டு கை. மாற்றி மாற்றி எறிந்தால் ஒரே காய் ஒவ்வொரு மூன்றாவது எறிக்கும் திரும்ப வருகிறது. ஆனால் ஒருதரம் வலக்கையில், மறுதரம் இடக்கையில். திச்ர நடைப் பாட்டாக இருந்தால், அதாவது மும்மூன்றாக நடப்பதானால், அழுத்தம் விழும் இடத்திலெல்லாம் அதே காய்தான் எழும்பும். ஒரு காய்க்குச் சிவப்புத் துணி சுற்றிவிட்டால், பாட்டின் அழுத்தத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாலு நாலாக நடக்கும் சதுச்ரமானால் முதல் அழுத்தத்துக்கு ஒரு காய், அடுத்ததற்கு வேறொன்று, அதற்கடுத்ததற்கு மூன்றாவது. பன்னிரண்டு எறி ஆனபிறகுதான் பழைய காய் பழைய இடத்துக்கு வரும். தேர்ந்தவர்களுக்கு அது பெரிய ருசி. கற்கத் தொடங்குகிறவர்களுக்குத் தலைவலி.

ஆரம்பப் பயிற்சிக்குத் திச்ர நடையே உத்தமம் என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தோம். தமிழில் அதற்குப் பஞ்சமா? கும்மி மெட்டு முழுதும் அதுவே. அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்துகளில் பெரும்பாலும் அந்த நடைதான். ஆனால் அவற்றின் எதுகை அடுக்குகள் நாவுக்கே வேலை வைப்பவை. ஆறு மாதம் பழகிய பிறகு எடுத்துக் கொள்ளலாம். முதற்பாட்டுக்குப் பாரதியாரின் பெண்கள் விடுதலைக் கும்மியைவிடப் பொருத்தமாக ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. சுமார் 2 அடி உயரம் எறிந்தால் கும்மியின் சாதாரண வேகத்துக்குக் கை சரியாகப் போகிறது. சினிமாப் பாட்டை நாம் பகிஷ்காரம் செய்யவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் மெட்டுகளில் மும்மை நடைக்கு என்ன குறை? சங்கடம் வேறு. ஒலித்தட்டோ கைப்பேசியோ, காய் விழுந்ததற்காக நிற்பதில்லை. அது பாட்டுக்குப் பாடிக் கொண்டு போகிறது. பழகுகிறவள் வாயே பாடினால்தான் கையோடு அதுவும் நின்று, கையோடு அதுவும் தொடங்கும். இராக ஆலாபனை எவ்வளவு உயர்ந்ததானாலும் இதற்கு ஆகாது. காய் இறங்க இடமேயில்லை.

காயைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. ரப்பர் பந்து வேண்டாம். கீழே விழுந்தால் அடுத்த தெருவரை ஓடும். கழற்சிக்காய் அகப்பட்டால் சிறு கைகளுக்கு மிகவும் நல்லது. இல்லாவிட்டால் கெட்டித் துணியில் அவரை விதையோ புளியங்கொட்டையோ நிரப்பித் தைத்துக் கொள்ளலாம். விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

ஊருக்குத் திரும்பிய பின் கும்மியோடு பயிற்சி நடந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்று பெண்கள் தாங்களாகவே மூவர் அம்மானை பாடப் போவதாகச் சொன்னார்கள். பாட்டு எங்கே என்று கேட்டோம். பாடும்போது வரும் என்றார்கள். ஆளுக்கு மூன்று காய்களை எடுத்துக் கொண்டு முற்றத்தில் நின்றார்கள்.

மேற்கே போன பெரியாற்றைக் கிழக்கே திருப்பியவர் பென்னிகுயிக் துரை அம்மானை என்று பாடினாள் முதற்பெண்.

துரை ஒருவர் திருப்பினாரென்றால், மலையைக் குடைந்த கை யார் கை அம்மானை என்று மடக்கினாள் இரண்டாமவள்.

மூன்றாமவளுக்கு உடனே விடை வரவில்லை. அம்மானை, அம்மானை என்று இரண்டுதரம் இழுத்தாள்; காய்கள் மட்டும் ஏறி இறங்கிக் கொண்டிருந்தன. பிறகு, குடைந்த கையைத் தேடுவானேன், நீ உண்ணும் சோற்றிலே இருக்கிறது அம்மானை என்றாள். சொல்லி முடித்த சந்தோஷத்தில் அவள் கைதட்டிவிட்டாள். மூன்று காய்களும் மூன்று பக்கம் விழுந்தன.